பெயர் வெட்டிய பாத்திரங்கள்

பாத்திரக் கடையில் பணம் கட்டிய பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கும். கல்லாவை ஒட்டி முக்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் வாங்கிய குடத்தையோ தூக்குவாளியையோ நீட்ட வேண்டும். "என்ன பேர் வெட்டணும்?" என்பார். முன்பு சிற்றுளியும் சுத்தியலும் வைத்திருந்தார்கள். இப்போது பேனா போன்ற மின்கருவி. கிர்ரென்ற ஓசையோடு எவர்சில்வரின் தோளில் புள்ளி புள்ளியாக எழுத்து விழும். கொடுப்பவர் பெயர், ஊர், விசேஷத் தேதி. எழுத்து விழுந்த கணத்திலிருந்து அந்தப் பாத்திரத்தின் ஆயுள் வேறு கணக்கில் ஓடத் தொடங்குகிறது. நசுங்கினாலும், ஒரு நாள்கூட அடுப்பேறாவிட்டாலும் அது வீட்டை விட்டுப் போகாது.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் வீட்டுப் பரணை ஒழிக்கலாம் என்று ஏணி வைத்தோம். நான் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அம்மா கீழே வாங்கி, முந்தானையால் தூசியைத் துடைத்துப் பெயரைப் படித்தார். "இது உனக்குக் காது குத்துனப்போ சின்ன மாமா செஞ்சது." "இது எதிர்வீட்டு அக்கா. பாவம், அவங்க கஷ்டத்துலயும் வாங்கிட்டு வந்தாங்க." சாயங்காலத்துக்குள் எல்லாம் துலக்கப்பட்டுப் பழையபடி மேலே ஏறிவிட்டன. ஒரு நாள் வீணானது என்று எனக்கு எரிச்சல். வீட்டுப் பொருள்களையும் மன அமைதியையும் பற்றி வந்துள்ள ஆய்வுகளைப் பிற்பாடு படித்தபோதுதான் அம்மா அன்று செய்ததில் ஒரு நியாயம் இருந்தது என்று புரிந்தது. அந்த நியாயத்தைக் கணக்கில் கொள்ளாத எந்த எளிமையும் நம் வீடுகளில் நிலைக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

வீடு அடைசலாகக் கிடப்பதற்கும் மனம் களைத்துப்போவதற்கும் உண்மையில் தொடர்பு உண்டா? இதைத் தேடிப் போனால் முதலில் எதிர்ப்படுவது லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த ஒரு நீண்ட கள ஆய்வு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மானிடவியலாளர்களும் தொல்லியலாளர்களும் 2001 முதல் 2005 வரை 32 நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளுக்குள் சென்று, அங்கிருந்த பொருள்களைப் படமெடுத்துப் பதிவுசெய்தார்கள். புதைந்த ஊரைத் தோண்டும்போது ஒவ்வொரு பானைச் சில்லையும் எண்ணுவது போல, வாழும் வீட்டை எண்ணினார்கள். ஜீன் ஆர்னால்ட் என்ற தொல்லியலாளரும் அவருடைய சகாக்களும் 2012-இல் அதை நூலாக வெளியிட்டார்கள். ஒரு வீட்டில் முதல் மூன்று அறைகளில் மட்டும் கண்ணுக்குத் தெரிந்த பொருள்கள் 2,260. அலமாரிக்குள்ளும் இழுப்பறைக்குள்ளும் இருந்தவை இந்தக் கணக்கில் சேரா. நான்கில் மூன்று பங்கு வீடுகளில் கார் நிறுத்தும் கொட்டகைக்குள் கார் நுழைய இடமில்லை.

அதே குடும்பங்களிலிருந்து, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் 30 தம்பதியரை எடுத்துக்கொண்டு டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெபெட்டி என்ற இரு உளவியலாளர்கள் 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் தம் வீட்டைத் தாமே சுற்றிக் காட்டி, கேமரா முன் பேச வேண்டும். அந்தப் பேச்சில் 'அடைசல்', 'முடிக்காத வேலை' என்ற பொருளில் வந்த சொற்களைக் கணினி எண்ணியது. பிறகு சில நாள்கள் காலை முதல் இரவு வரை எச்சில் மாதிரி எடுத்து, கார்டிசால் என்ற சுரப்பின் அளவைப் பார்த்தார்கள். இந்தச் சுரப்பு காலையில் உயர்ந்து, பொழுது சாயச் சாயத் தணிய வேண்டியது. தம் வீட்டை அடைசலாகவும் முடியாத வேலையாகவும் வருணித்த பெண்களுக்கு அந்தத் தணிவு குறைவாக இருந்தது. பொழுது போகப் போக அவர்கள் மனச்சோர்வும் கூடியது. ஆண்களிடம் அப்படித் தெரியவில்லை.

அடைசல்தான் சோர்வை உண்டாக்கியது என்று இந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. சோர்ந்திருப்பவர்களின் கண்ணுக்கு வீடு அப்படித் தெரிந்திருக்கவும் கூடும். முப்பது தம்பதியர் என்பது சிறிய எண்ணிக்கை. அவர்கள் வாழ்ந்த ஊரும் வேறு. ஆனால் ஒரே வீடு, ஒரே அடைசல், அதில் வாழும் இருவரில் பெண்ணின் உடலில் மட்டும் அதன் தடம் தெரிந்தது என்ற செய்தியை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. கூடத்து நாற்காலியில் குவிந்திருக்கும் துணி, அதே கூடத்தில் செய்தித்தாள் படிப்பவருக்குத் துணிக்குவியல்தான். மடிக்க வேண்டியவளுக்கு அது இன்னும் செய்யாத வேலை. இரண்டு பேரும் ஒரே பொருளைப் பார்க்கவில்லை.

முடிக்காத வேலை மனத்தை விடாமல் பிடித்திழுக்கும் என்பதற்குத் தனி ஆராய்ச்சிகள் உண்டு. அவற்றில் எனக்குப் பயன்பட்டது மாசிகாம்போ, பாமைஸ்டர் ஆகிய இருவரும் 2011-இல் வெளியிட்டது. செய்யாத வேலை ஒன்றை நினைவூட்டிவிட்டு வேறொன்றைச் செய்யச் சொன்னால் கவனம் சிதறுகிறது. அந்த வேலையை எப்போது, எங்கே, எப்படிச் செய்வது என்று ஒரு திட்டம் எழுதச் சொன்னாலே போதும், வேலை முடியாதபோதும் சிதறல் அடங்கிவிடுகிறது. ஆக, மனத்தைக் குடைவது பொருளின் எண்ணிக்கை மட்டும் அன்று. அதைப் பற்றி எடுக்காமல் தள்ளிப்போட்ட முடிவும்தான். பழுதான மிக்ஸி, தைக்கக் கொடுக்க வேண்டிய பாவாடை, பிள்ளை விட்டுப்போன கல்லூரி நோட்டுகள், என்றோ யாருக்கோ திருப்பித் தர வேண்டிய டிபன் கேரியர். பரண் என்பது தள்ளிப்போட்ட முடிவுகளின் கிடங்கு. நம் வீடுகளில் அந்த முடிவுகளுக்கெல்லாம் பொறுப்பாளி பெரும்பாலும் ஒரே ஆள்.

வேண்டாததை ஏன் தள்ள முடிவதில்லை? பொருளியலில் இதற்கு ஒரு புகழ்பெற்ற விடை இருக்கிறது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தாலர் ஆகியோர் 1990-இல் வெளியிட்ட சோதனையில் வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரு காப்பிக் குவளை கொடுத்தார்கள். சில நிமிடங்களில், குவளை கையிலிருந்தவர்கள் விற்கக் கேட்ட விலை, இல்லாதவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. நம்முடையதாகிவிட்டது என்பதாலேயே பொருளுக்கு விலை கூடுகிறது. இது உண்மைதான். ஆனால் அந்தக் குவளையில் யார் பெயரும் வெட்டியிருக்கவில்லை. அம்மா மேலேற்றிய குடத்தின் விலையை அந்தச் சோதனையால் அளக்க முடியாது. சின்ன மாமா இன்று இல்லை. அவர் பெயர் எழுதப்பட்டிருக்கும் இடங்கள் இந்த உலகில் எத்தனை இருக்கும்? ஒரு பத்திரம், ஒரு குடும்ப அட்டை, இந்தக் குடம்.

கொடுத்தவர் பெயரைப் பொருளில் பொறிக்கும் வழக்கம் நம்மிடம் மிகப் பழையது. மதுரையை அடுத்த மாங்குளத்துக் குன்றில் சமணத் துறவிகளுக்காக வெட்டிய கற்படுக்கைகள் இருக்கின்றன. பாறையில் உடல் நீட்ட ஒரு தளம், தலைமாட்டில் சிறு மேடு, அவ்வளவுதான். அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளை ராபர்ட் சீவெல் 1882-இல் கண்டறிந்தார். அவை ஏறத்தாழ கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. படுக்கையில் படுத்தவரிடம் உடைமை என்று சொல்ல ஏதுமில்லை. திகம்பரத் துறவிக்கு மயிற்பீலியும் கமண்டலமும்தான். ஆனால் அந்தக் கல்லில் யார் கொடுத்தார்கள் என்பது எழுதியிருக்கிறது: அரசன் நெடுஞ்செழியனின் பணியாளர், வெள்ளறையைச் சேர்ந்த வணிகக் குழு. மிகக் கடுமையான எளிமைக்கும் அடியில் ஒரு கொடையாளி இருந்தார். எளிய வாழ்வு என்பது உறவுகளை உதறிய தனிமை என்று நினைப்பவர்கள் அந்தக் குன்றுக்கு ஒருமுறை ஏறிவர வேண்டும்.

அப்படியானால் நம் பாட்டிகளின் வீடுகள் ஏன் இவ்வளவு அடைபடவில்லை? வறுமை ஒரு காரணம், அதை மறைக்கக் கூடாது. இன்னொரு காரணம் பொருள்களின் இயல்பு. மண்பானை உடையும், பொங்கலுக்குப் புதுப்பானை வரும். கோரைப்பாய் கிழியும், துடைப்பம் தேயும், பனையோலைப் பெட்டி இற்றுப்போகும். அந்தப் பொருள்களுக்குத் தாமாகவே ஒரு முடிவு இருந்தது. யாரும் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியதில்லை. போகியன்று எரிந்தவை இவைதான். விசேஷத்துக்குக் கைமாறியவையும் பெரும்பாலும் தீர்ந்துபோகிறவை: வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், பூ. தாம்பூலத்தில் வைத்த ரவிக்கைத் துணி ஒரு வீட்டில் தங்காது; அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு தட்டில் ஏறி, தெருவையே சுற்றிவரும். பரிசு என்பது நகர்ந்துகொண்டே இருக்க வேண்டியது என்று பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் பசிபிக் தீவுகளின் பழக்கங்களைக் கொண்டு விரிவாக எழுதினார். நம் தெருப் பெண்கள் மோஸைப் படிக்காமலே அதைச் செய்துவந்தார்கள்.

எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்ததும் அந்தச் சுழற்சி நின்றது. எவர்சில்வருக்குத் துருவும் இல்லை, சாவும் இல்லை. பெயர் வெட்டியதால் இன்னொருவருக்குக் கொடுக்கவும் கூச்சம். பிளாஸ்டிக்கை எரித்தால் அது போவதில்லை. புகையாகி நெஞ்சுக்குள் திரும்பி வருகிறது. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் புகைமூட்டத்தால் விமானங்கள் தடுமாறியதை மறந்திருக்க மாட்டோம். டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தாதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கெஞ்ச வேண்டியிருக்கிறது. பழையன கழிவதைப் பற்றிப் போகியன்று எல்லாரும் சொல்லும் அந்தத் தொடர் நன்னூலிலிருந்து வந்தது. அங்கே அது மொழியில் சொற்கள் வழக்கொழிவதைப் பற்றிய இலக்கண விதி. சொற்கள் யாரும் கொளுத்தாமலே உதிர்கின்றன, பாய் இற்றுப்போவது போல.

கழிப்பது நமக்கு இயல்பாக வருவதும் இல்லை. 2021-இல் 'நேச்சர்' இதழில் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேப்ரியல் ஆடம்ஸும் லைடி க்ளாட்ஸும் சகாக்களும் இதைச் சோதித்து எழுதினார்கள். லெகோ கட்டைகளால் செய்த கட்டடம். ஒரே ஒரு கட்டையின் மேல் கூரை ஆட்டம் கண்டு நிற்கிறது. அதை உறுதிப்படுத்த வேண்டும். புதுக் கட்டை ஒவ்வொன்றையும் சேர்க்கக் காசு. அந்த ஒற்றைக் கட்டையை எடுத்துவிட்டால் கூரை நேராக உட்கார்ந்துவிடும், செலவே இல்லை. எடுத்தவர்கள் 41 விழுக்காட்டினர்தான். எடுப்பதற்குக் காசு இல்லை என்று ஒரு வரி நினைவூட்டியதும் அது 61 ஆனது. குறைப்பதை மனிதர்கள் வெறுக்கவில்லை. அப்படி ஒரு வழி இருப்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் இடம் போதவில்லை என்றதும் நாம் இன்னோர் அலமாரி வாங்குகிறோம். மனம் போதவில்லை என்றதும் தியான வகுப்பைச் சேர்க்கிறோம், அதற்கொரு பாய், அதற்கொரு செயலி.

வீட்டை ஒழிக்கும் கலைக்கு இன்று உலகப் பெயர் மாரி கோண்டோ. ஆங்கிலத்தில் 2014-இல் வந்த அவர் நூல் சொன்ன வழி, ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்பது. மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு வீட்டை அப்படி ஒழுங்காக வைத்திருப்பதைத் தாமே ஓரளவு கைவிட்டதாக 2023-இல் அவர் சொன்னார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அவருக்கு முன்பே, 2009-இல், ஹிதேகோ யாமஷிதா என்ற ஜப்பானியப் பெண்மணி எழுதிய 'டான்ஷாரி' எனக்கு இன்னும் கூர்மையாகப் படுகிறது. அந்தப் பெயர் யோகப் பயிற்சியிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட மூன்று எழுத்துகளால் ஆனது: மறுத்தல், விடுத்தல், விலகுதல். முதலில் வருவது மறுத்தல். வீட்டுக்குள் வந்துவிட்ட பொருளோடு போராடுவதற்கு முன் வாசலில் நிற்கும் பொருளைப் பற்றி முடிவெடுக்கச் சொல்கிறார். எரிப்பதற்கென்று நமக்கு ஒரு பண்டிகை இருக்கிறது. மறுப்பதற்கென்று ஒரு நாளும் இல்லை.

குறைவாக வாழ்வதைப் பற்றிப் பேசும்போது யாரிடம் பேசுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். அவர் தேடியது மன அமைதியை அல்ல. அயல்துணியை எரித்துவிட்டுக் கதர் உடுத்துங்கள் என்றால், கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் சொன்னார்கள். அதற்கு அவரால் தர முடிந்த விடை அது. இல்லாதவரிடம் எளிமையைப் போதிக்கும் உரிமை யாருக்கும் இல்லை. உடைந்த வாளியைக் கம்பி கட்டி வைத்திருப்பவர் நாளைக்கு இன்னொன்று வாங்க முடியுமா என்று தெரியாதவர். 1995 அக்டோபர் முடிவில், இலங்கைப் போரின்போது, யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் நடந்தவர்கள் கையில் பிடித்தது ஒரு பை. அவர்களில் ஒருவர் இன்று எந்த நாட்டிலோ எந்தக் காகிதத்தையும் எறியாமல் வைத்திருந்தால், அந்த அலமாரியை ஒழிக்கச் சொல்ல நான் யார்? பொருளைப் பிரிவதே தாங்க முடியாத துயராகி, நடக்க வழியில்லாமல் வீடு நிறைந்துபோகும் நிலையை மருத்துவர்கள் 2013 முதல் தனி நோயாகவே வகைப்படுத்துகிறார்கள். அங்கே தேவை சிகிச்சை; வீட்டார் கூடி நின்று ஏசுவது நோயை வளர்க்கும்.

காந்தியிடமே இந்த நுட்பம் இருந்தது. அமெரிக்கரான ரிச்சர்ட் கிரெக் 1925-இல் இந்தியா வந்து சபர்மதியில் அவரோடு தங்கியவர். 'தன்விருப்பமான எளிமை' என்ற கருத்துக்குப் பெயரிட்டு 1936-இல் அவர் எழுதிய கட்டுரைதான் மேற்கில் இந்தப் பேச்சுக்கெல்லாம் மூலம். அதில் ஒரு சம்பவம் சொல்கிறார். எதையும் விட்டுவிட முடிகிறது, புத்தகங்களை மட்டும் முடியவில்லை என்று காந்தியிடம் முறையிட்டாராம். அப்படியானால் விடாதீர்கள், உள்ளத்துக்கு அவை துணையாக இருக்கும்வரை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே காந்தியின் பதிலின் சாரம்.

இந்த விஷயத்தில் என்னை மிகவும் தெளிய வைத்தவர் தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்காயர் படிப்பு, பிறகு அமெரிக்காவில் பொருளியல். காந்தியைச் சந்தித்த பின் கிராமத் தொழில்களுக்கே வாழ்வைக் கொடுத்து, கடைசி ஆண்டுகளில் மதுரை மாவட்டத்துத் தே. கல்லுப்பட்டியில் ஒரு சிறு குடிலில் வாழ்ந்தார். ஜபல்பூர்ச் சிறையில் எழுதி 1945-இல் வெளிவந்த நிலைபேற்றுப் பொருளாதார நூலில், வாழ்க்கைத் தரத்தை 'உயர்ந்தது', 'தாழ்ந்தது' என்று பிரிப்பதே தவறு என்கிறார். 'சிக்கலானது', 'எளியது' என்று சொல்லுங்கள். எளிய வாழ்வு பண்பில் உயர்ந்ததாகவும், சிக்கலான வாழ்வு தாழ்ந்ததாகவும் இருக்க முடியும். அதோடு நிறுத்தவில்லை. சிக்கலான வாழ்க்கைத் தரம் யாரைச் சுமைதாங்கி ஆக்குகிறது என்று கேட்டு, விடியலிலிருந்து இரவுவரை கருவிகளுக்கு நடுவே ஓடும் அமெரிக்க இல்லத்தரசியைக் காட்டுகிறார். லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் எச்சில் மாதிரியோடு கண்டதை அவர் வெறும் கண்ணால் அறுபது ஆண்டுகளுக்கு முன் பார்த்துவிட்டார்.

குமரப்பா தரும் அளவுகோலை வைத்தால், ஒரு வீடு எளிமையானதா என்பதைச் சுவரின் வெறுமையிலிருந்து சொல்ல முடியாது. வெள்ளைச் சுவரும் ஒற்றைச் செடியுமாகப் பளிச்சென்றிருக்கும் வீட்டை அப்படியே வைத்திருக்க ஒருத்தி நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டிருந்தால் அது சிக்கலான வீடு. பாத்திரம் நிறைந்த அடுக்களையில் நான்கு பேரும் கைகொடுத்து எட்டு மணிக்கு வேலை முடிந்துவிட்டால் அது எளிய வீடு. எத்தனை பொருள் என்பதைவிட, எத்தனை முடிவுகள் யார் தலையில் என்பதே கேள்வி.

அம்மாவின் பரணுக்கு மறுபடியும் ஏணி வைத்தோம். இந்த முறை 'தூக்கிப் போட்டுடலாமா?' என்று நான் கேட்கவில்லை. 'இது யார் வீட்டுக்குப் போகலாம்?' என்று கேட்டேன். கேள்வி மாறியதும் அம்மாவின் முகம் மாறியது. பெரிய அண்டாக்கள் தெருக் கோயிலின் அன்னதானச் சமையலுக்குப் போயின. குடித்தனம் தொடங்கியிருந்த சித்தி மகளுக்குக் குடங்களும் சம்படங்களும். எதிர்வீட்டு அக்காவின் பேத்திக்கே அவள் பாட்டி பெயர் வெட்டிய தூக்குவாளி; வாங்கியபோது அந்தப் பெண் எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள். சின்ன மாமாவின் குடத்தை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை; பரணுக்கும் ஏற்றவில்லை. அது இப்போது அடுக்களையில், தினமும் தண்ணீர் பிடித்துவைக்கும் இடத்தில் இருக்கிறது. வெட்டிய பெயர் உறவை நிறுத்தி வைக்கவில்லை. பரண்தான் நிறுத்தி வைத்திருந்தது.

அடுத்த விசேஷத்துக்குப் பாத்திரக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு கணம் யோசியுங்கள். அரிசியோ எண்ணெயோ பழமோ கொடுத்தால் மரியாதை குறையாது. நம் பாட்டிகள் கொடுத்தது அதைத்தான். மார்கழிக் கடைசியில் பரணை ஒழிக்கும்போது வீட்டு ஆண்கள் ஏணியில் ஏறுங்கள். இறக்கிய ஒவ்வொன்றையும் பற்றி எல்லாருமாக உட்கார்ந்து, இருட்டுவதற்குள் முடிவெடுங்கள். அந்த முடிவுகளை வீட்டுப் பெண் ஒருத்தியிடமே விட்டுவிடாதீர்கள்.